கிளவுடில் முதல் சர்வர்: எந்த மடையில் அடைப்பு என்று கண்டுபிடிக்கும் வழி

கும்பகோணத்தில் என் வீட்டு மாடிக்குச் சனிக்கிழமை மாலைகளில் ஏழெட்டுப் பிள்ளைகள் மடிக்கணினியோடு வருவார்கள். பாபநாசத்திலிருந்து ரயிலில் ஒரு பெண், நீடாமங்கலத்திலிருந்து பஸ்ஸில் ஒரு தம்பி, மற்றவர்கள் உள்ளூர். கிளவுடில், அதாவது பெரிய நிறுவனங்கள் இணையம் வழியே வாடகைக்கு விடும் கணினிகளில், சொந்தமாக ஒரு சர்வர் எழுப்பி, தான் எழுதிய பக்கத்தை ஊரே திறந்து பார்க்க வேண்டும் என்பதுதான் எல்லாருக்கும் ஆசை. ஒருவர் அப்பாவின் விதைக் கடைக்காக எழுதுகிறார்: மாப்பிள்ளைச் சம்பா எத்தனை மூட்டை, பூங்கார் இருக்கிறதா இல்லையா என்று காட்டும் ஒரே ஒரு பக்கம். அந்த ஒரு பக்கத்தை மேலே ஏற்றுவதற்குள் மூன்று வாரம் போய்விட்டது. எழுதிய நிரலில் குறை எதுவும் இல்லை. எங்கே அடைத்திருக்கிறது என்று தெரியாமல் எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் பார்த்ததில் போன காலம் அது.

கடைமடை வயலில் தண்ணீர் ஏறவில்லை என்றால் யாரும் வயலைத் தோண்டிப் பார்ப்பதில்லை. வாய்க்கால் கரையோடு மேலே நடக்கிறோம். நம் மடை திறந்திருக்கிறதா, அடுத்த மடை எப்படி, பிரிவு வாய்க்காலின் ஷட்டரைப் பாசனப் பணியாளரான லஸ்கர் தூக்கியிருக்கிறாரா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனால் ஓரிடத்தில் மேலே தண்ணீர் இருக்கும், கீழே இருக்காது. அடைப்பு அங்கேதான். கிளவுடிலும் இதே நடைதான். திரையில் வரும் பிழைச் செய்தி, எதுவரை தண்ணீர் வந்துவிட்டது என்று சொல்லும். அதை முழுதாகப் படிக்காமல் சர்வரை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினால், புதிய சர்வரிலும் அதே இடத்தில்தான் போய் நிற்பீர்கள்.

கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அமேசானின் கிளவுடான ஏடபிள்யூஎஸ்ஸில் இருந்து, இங்கே வரும் பிள்ளைகள் அதில்தான் தொடங்குகிறார்கள். கூகுள் கிளவுடும் மைக்ரோசாஃப்டின் அசூரும் வேறுபடும் இடங்களில் அதையும் சொல்கிறேன்.

“கார்டையே ஏத்துக்க மாட்டேங்குது அண்ணே”

கணக்கு தொடங்கும்போதே நின்றுவிடுவது. பெரும்பாலும் தளத்தின் மேல் தப்பில்லை, கார்டில்தான். ரிசர்வ் வங்கியின் விதி 2020 மார்ச் 16 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் புதிதாக வழங்கப்படும் கார்டுகள் உள்நாட்டு ஏடிஎம்மிலும் கடை இயந்திரத்திலும் மட்டும்தான் தானாக வேலை செய்யும். ஆன்லைன், வெளிநாட்டுப் பரிவர்த்தனை இரண்டையும் நாம் கேட்டுத்தான் திறக்க வேண்டும். உங்கள் வங்கிச் செயலியில் கார்டு என்ற பகுதிக்குப் போய் அந்த இரண்டு பொத்தான்களையும், பக்கத்தில் இருக்கும் வரம்புத் தொகையையும் பாருங்கள். வரம்பு பூஜ்யமாக இருந்தால் பொத்தான் திறந்திருந்தும் பயனில்லை. சரிபார்ப்புக்காக ஓரிரண்டு ரூபாய் எடுப்பார்கள், அதற்கு ஓடிபி வரும். அந்த நேரம் அலைபேசி அப்பாவிடம் வயலில் இருந்தால் வேலை நடக்காது, அவர் வீட்டில் இருக்கும்போது செய்யுங்கள்.

அப்பாவின் கார்டை அவருக்குத் தெரியாமல் மட்டும் போடாதீர்கள். என்ன செய்கிறோம், எவ்வளவு வரை போகலாம் என்று அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிறகு ஏதாவது தொகை வந்தால் பயந்து மறைக்க வேண்டியிருக்காது. மறைத்த பிள்ளைகள்தான் அதிகம் இழந்திருக்கிறார்கள்.

கார்டு சரியாகியும் சர்வர் தொடங்க மறுத்தால், கணக்கு இன்னும் முழுதாகத் திறக்கவில்லை என்று பொருள். ஏடபிள்யூஎஸ்ஸில் இதற்கு 24 மணி நேரம் வரை ஆகலாம். பொறுத்திருங்கள். அவசரப்பட்டு வேறு மின்னஞ்சலில் இரண்டாவது கணக்கு தொடங்கினால் இரண்டுமே சந்தேகத்தில் நிற்கலாம்.

“நேத்து வச்ச சர்வரையே காணோம்”

யாரும் அழிக்கவில்லை. நீங்கள் வேறு ஊரைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். கன்சோலின், அதாவது தளத்தின் கட்டுப்பாட்டுப் பக்கத்தின், வலது மேல் மூலையில் ரீஜன் பெயர் இருக்கும், சர்வர்கள் இருக்கும் பகுதியின் பெயர் அது. ஏடபிள்யூஎஸ்ஸுக்கு இந்தியாவில் இரண்டு ரீஜன்கள்: மும்பை 2016இல் வந்தது, ஹைதராபாத் 2022இல். மும்பையில் வைத்த சர்வர் ஹைதராபாத் பட்டியலில் தெரியாது, அமெரிக்க ரீஜனிலும் தெரியாது. முதல்முறை உள்ளே நுழையும்போது கன்சோல் அமெரிக்க ரீஜன் ஒன்றில் நிற்பது சாதாரணம். அங்கேயே சர்வரை எழுப்பிவிட்டு, மறுநாள் மும்பையில் தேடுவார்கள். ஹைதராபாத் பட்டியலில் மங்கலாக இருந்தால், கணக்கு அமைப்பில் போய் அந்த ரீஜனை நாமே இயக்க வேண்டும்.

கூகுள் கிளவுடில் இதே குழப்பம் புராஜெக்ட் பெயரில் வரும், மேலே எந்த புராஜெக்ட் தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள். அசூரில் சப்ஸ்கிரிப்ஷன் வடிகட்டியைப் பாருங்கள். அசூருக்குச் சென்னையிலேயே ஒரு ரீஜன் உண்டு, சவுத் இந்தியா என்று இருக்கும்.

தொலைவு ஒரு பொருட்டா என்று கேட்பார்கள். விதைக் கடைப் பக்கத்துக்குப் பெரிதாக இல்லை. ஆனால் சர்வருக்குக் கட்டளை கொடுக்கும் கறுப்புத் திரையில் தட்டச்சு செய்யும்போது தெரியும். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருக்கும் சர்வருக்கு ஒரு எழுத்து போய்த் திரும்ப 200 மில்லி விநாடி அளவுக்கு ஆகும். ஒவ்வொரு எழுத்தும் விரலுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு வரும்.

“கனெக்ட் ஆகலை”

இப்படிச் சொல்லிக்கொண்டு வருபவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: திரையில் என்ன எழுதியிருக்கிறது, அப்படியே படி. ஏனென்றால் இதில் மூன்று செய்திகள் உண்டு. மூன்றும் மூன்று வெவ்வேறு இடங்களைக் காட்டுகின்றன. மூன்றையும் “கனெக்ட் ஆகலை” என்ற ஒரே மூட்டையில் கட்டினால் ஒன்றும் செய்ய முடியாது.

முதலாவது, நெடுநேரம் கர்சர் சிமிட்டிவிட்டுக் கடைசியில் “கனெக்‌ஷன் டைம்டு அவுட்” என்று வருவது. நீங்கள் அனுப்பியதற்கு எந்தப் பதிலும் வரவில்லை. மடை எங்கோ மூடியிருக்கிறது. முதலில் சர்வர் ரன்னிங் நிலையில் இருக்கிறதா பாருங்கள். அடுத்து அதற்குப் பொது ஐபி, அதாவது வெளியிலிருந்து அழைக்கும் முகவரி எண், இருக்கிறதா. 172.31 என்று தொடங்கும் எண்ணை வைத்து ஒரு மணி நேரம் முயன்ற பிள்ளைகள் உண்டு. அது உள்வலையின் முகவரி, வெளியிலிருந்து அதை அழைக்கவே முடியாது. பொது ஐபி இருந்தால் அடுத்தது செக்யூரிட்டி குரூப், சர்வருக்குள் எது வரலாம் என்ற விதிகளின் பட்டியல். ஏடபிள்யூஎஸ்ஸில் புதிய செக்யூரிட்டி குரூப், நாம் அனுமதித்ததைத் தவிர வேறெதையும் உள்ளே விடாது. அதோடு, விடாததைப் பற்றி மூச்சும் விடாது. அதனால்தான் இவ்வளவு நேரம் காத்திருக்க நேர்கிறது. போர்ட் என்பது சர்வரின் எண்ணிட்ட வாசல். உள்வரும் விதிகளில் 22ஆம் போர்ட் இருக்க வேண்டும், சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்எச் என்ற முறை அதைத்தான் பயன்படுத்தும். அதுவும் சரி என்றால் தப்பு உங்கள் பக்கத்தில். கல்லூரி வைஃபைகள் பலவற்றில் 22ஆம் போர்ட்டை அடைத்து வைத்திருப்பார்கள். அலைபேசி ஹாட்ஸ்பாட்டுக்கு மாறிப் பாருங்கள், உடனே தெரிந்துவிடும்.

இந்த இடத்தில் ஒரு குறுக்கு வழி எல்லாருக்கும் கைக்கு வரும்: எல்லாப் போர்ட்டையும் 0.0.0.0/0 என்று உலகத்துக்கே திறந்துவிடுவது. செய்யாதீர்கள். ஒரு வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்று ஆற்றின் கரையை வெட்டுகிற வேலை அது. திறந்த போர்ட்டைத் தேடி இணையத்தை ஓயாமல் தட்டிக்கொண்டிருக்கும் நிரல்கள் இருக்கின்றன. புதிய சர்வரின் உள்நுழைவுப் பதிவைத் திறந்து பார்த்தால், நீங்கள் யாருக்கும் சொல்லாத அந்த முகவரியை எத்தனை பேர் தட்டியிருக்கிறார்கள் என்று தெரியும்.

இரண்டாவது, தட்டியவுடனே “கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு”. இதைக் கண்டு பிள்ளைகள் முகம் வாடுகிறார்கள். எனக்கோ இது நல்ல செய்தி. உங்கள் அழைப்பு அநேகமாகச் சர்வர் வரை போய், அங்கிருந்து “இந்தப் போர்ட்டில் யாரும் இல்லை” என்று பதில் வந்துவிட்டது. வாய்க்கால் முழுக்கத் தண்ணீர் ஓடுகிறது. சர்வர் இப்போதுதான் எழுந்திருந்தால் இரண்டு நிமிடம் பொறுத்து மறுபடி தட்டுங்கள். அப்போதும் வந்தால் போர்ட் எண்ணைத் தப்பாகக் கொடுத்திருக்கிறீர்கள், அல்லது அந்தப் போர்ட்டில் இருக்க வேண்டிய நிரல் ஓடவில்லை.

மூன்றாவது, “பெர்மிஷன் டினைடு” என்று வந்து, அடைப்புக்குறிக்குள் பப்ளிக் கீ என்று இருப்பது. வாசல்படி வரை வந்துவிட்டீர்கள், சாவி அல்லது பெயர் பொருந்தவில்லை. முதலில் பெயர். அமேசான் லினக்ஸ் என்றால் பயனர் பெயர் இசி2-யூசர், உபுண்டு என்றால் உபுண்டு, எல்லாம் சிறிய எழுத்தில். உங்கள் சொந்தப் பெயரோ மின்னஞ்சலோ அல்ல. அசூரில் சர்வர் எழுப்பும்போது நீங்கள் கொடுத்த பெயர். குழப்பம் வேண்டாம் என்றால் சர்வரைத் தேர்ந்தெடுத்து கனெக்ட் பொத்தானை அழுத்துங்கள். எஸ்எஸ்எச் என்ற பகுதியில் முழுக் கட்டளையும் பெயரோடு சேர்த்து எழுதியிருக்கும், அதை நகலெடுத்தால் போதும்.

பெயர் சரி என்றால் கீ ஃபைல், சர்வர் எழுப்பும்போது இறக்கிக்கொண்ட சாவிக் கோப்பு. இதை மற்றவர்களும் படிக்க முடிகிற நிலையில் வைத்திருந்தால் எஸ்எஸ்எச் அதைத் தொடவே தொடாது, “அன்புரொடெக்டட் பிரைவேட் கீ ஃபைல்” என்று வரிசையாக @ குறிகள் போட்டு எச்சரிக்கும். லினக்ஸிலும் மேக்கிலும் சிஎச்மாட் 400 என்ற கட்டளையைக் கொடுத்தால் கோப்பை நீங்கள் மட்டும்தான் படிக்க முடியும், தீர்ந்தது. நீடாமங்கலத்துத் தம்பிக்கு மட்டும் தீரவில்லை. 400 கொடுக்கிறார், பிழை எதுவும் வரவில்லை. மறுபடி இணைக்கிறார், அதே எச்சரிக்கை. நான்கு முறை செய்தோம். அனுமதியைப் பட்டியலிட்டுப் பார்த்தால் மாறவே இல்லை. அப்புறம்தான் பாதையைக் கவனித்தேன். கீ ஃபைல் அவருடைய பென் டிரைவில் இருந்தது. கல்லூரி ஆய்வகத்திலும் வீட்டிலும் பயன்படட்டும் என்று அதிலேயே வைத்திருக்கிறார். பென் டிரைவ்களில் வழக்கமாக இருக்கும் ஃபேட் கோப்பு முறைக்கு லினக்ஸின் அனுமதிகளை எழுதி வைக்க இடமே கிடையாது. கோப்பைத் தன் ஹோம் ஃபோல்டருக்கு நகலெடுத்து அங்கே 400 கொடுத்தார், உள்ளே போய்விட்டார். விண்டோஸில் லினக்ஸ் துணை அமைப்பை வைத்துக்கொண்டு சி டிரைவில் இருக்கும் கீயைத் தொடுபவர்களுக்கும் இதே கதைதான், இதே தீர்வுதான்.

விண்டோஸில் புட்டி என்ற எஸ்எஸ்எச் நிரலைப் பயன்படுத்துபவர்களுக்கு பெம் வகைக் கீ கோப்பு உதவாது, புட்டிஜென் கொண்டு பிபிகே கோப்பாக மாற்ற வேண்டும். கீ தொலைந்துவிட்டால் மறுபடி இறக்கிக்கொள்ள வழியில்லை, அது ஒரே முறைதான் கையில் கிடைக்கும். சர்வரில் முக்கியமாக எதுவும் இல்லை என்றால் புதிய கீயோடு புதிய சர்வர் எழுப்புவதே சுலபம். நண்பனுக்கு வாட்ஸப்பில் கீ அனுப்புவதை மட்டும் விட்டுவிடுங்கள். வீட்டுச் சாவியைக் குழுவில் படம் பிடித்துப் போடுவது போன்றது.

“நேத்து வந்துச்சு, இன்னைக்கு வரலை”

மாடிக்கு வரும் கேள்விகளில் அதிகம் இதுதான். டைம்டு அவுட் என்றுதான் வரும். இரண்டு முனைகளில் ஏதோ ஒன்றின் முகவரி மாறியிருக்கிறது.

உங்கள் முனையை முதலில் பாருங்கள். செக்யூரிட்டி குரூப்பில் 22ஆம் போர்ட்டுக்கு மை ஐபி என்று தேர்ந்தெடுக்கச் சொல்லி எல்லாப் பாடங்களிலும் இருக்கும். நல்ல அறிவுரைதான், நானும் அதையே சொல்கிறேன். ஆனால் நம் ஊர்ப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இணையம் என்பது ஜன்னல் திட்டில் டவர் கிடைக்கும் கோணத்தில் சாய்த்து வைத்த அலைபேசியின் ஹாட்ஸ்பாட். அலைபேசி நிறுவனங்கள் ஒரே பொது ஐபியைப் பல பேருக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. டேட்டாவை அணைத்துப் போட்டால் வேறு ஐபி வரலாம். நேற்று இரவு அனுமதித்த எண் இன்று யாரோ ஒருவருடையது. செக்யூரிட்டி குரூப்பைத் திறந்து அந்த விதியில் மறுபடி மை ஐபி என்று தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். அரை நிமிட வேலை. பழைய விதியை அப்படியே விட்டுவிட்டுப் புதிது புதிதாகச் சேர்த்துக்கொண்டே போகாதீர்கள்.

தினமும் இதைச் செய்யச் சலிப்பாக இருந்தால் ஏடபிள்யூஎஸ்ஸின் செஷன் மேனேஜரைக் கற்றுக்கொள்ளுங்கள். அதில் சர்வர்தான் உள்ளிருந்து வெளியே போய்த் தொடர்பு வைத்துக்கொள்ளும், ஆகவே 22ஆம் போர்ட்டைத் திறக்கவே வேண்டியதில்லை. கீ ஃபைலும் வேண்டாம், உலாவியிலேயே கறுப்புத் திரை வந்துவிடும். சர்வருக்கு அதற்குரிய அனுமதியைத் தரும் ஐஏஎம் ரோல் ஒன்றை இணைக்க வேண்டும், அமேசான் லினக்ஸிலும் உபுண்டுவிலும் அதற்கான ஏஜென்ட் நிரல் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். ஹாட்ஸ்பாட்டை நம்பி வேலை செய்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இனி சர்வரின் முனை. செலவு மிச்சம் பிடிக்க இரவில் சர்வரை ஸ்டாப் செய்துவிட்டுக் காலையில் ஸ்டார்ட் செய்வார்கள். ஏடபிள்யூஎஸ்ஸில் அப்படிச் செய்தால் பொது ஐபி மாறிவிடும். ரீபூட் செய்தால் மாறாது. நிலையான முகவரி வேண்டும் என்றால் எலாஸ்டிக் ஐபி வாங்கி இணைக்க வேண்டும். 2024 பிப்ரவரி 1 முதல் எல்லாப் பொது ஐபிவி4 முகவரிக்கும் மணிக்கு 0.005 டாலர் கட்டணம். மாதத்துக்கு 3.60 டாலர், 300 ரூபாய்க்கு மேல். சர்வர் நின்றிருந்தாலும் எலாஸ்டிக் ஐபிக்கு இது ஓடும்.

“உள்ளே எல்லாம் ஓடுது, பக்கம் மட்டும் திறக்கலை”

விதைக் கடைத் தம்பி இதில்தான் ஒரு வாரம் நின்றார். சர்வருக்குள் இருந்து கேட்டால் பக்கம் வருகிறது. அலைபேசியில் திறந்தால் வெள்ளைத் திரை. உலாவியின் முகவரிப் பட்டையைப் பாருங்கள். கன்சோலில் பொது ஐபிக்குப் பக்கத்தில் இருக்கும் ஓப்பன் அட்ரஸ் என்ற இணைப்பை அழுத்தினால் அது எச்டிடிபிஎஸ் என்று திறக்கும், அதாவது 443ஆம் போர்ட். நீங்கள் திறந்து வைத்திருப்பதோ 80. முகவரியில் எஸ் எழுத்தை எடுத்துவிட்டு மறுபடி திறங்கள்.

அதுவும் இல்லை என்றால் நிரல் எந்த முகவரியில் காது கொடுக்கிறது என்று பாருங்கள். பைத்தானில் இணையப் பக்கம் எழுத உதவும் ஃபிளாஸ்க் தானாக 127.0.0.1இல் 5000ஆம் போர்ட்டில் நிற்கும், அதே வகையான ஜாங்கோ அதே முகவரியில் 8000இல். 127.0.0.1 என்றால் தன் வீட்டுக்குள் பேசுவதை மட்டும் கேட்பது. வெளியிலிருந்து வருவதையும் கேட்க 0.0.0.0 என்று கொடுக்க வேண்டும், அந்தப் போர்ட்டைச் செக்யூரிட்டி குரூப்பிலும் அனுமதிக்க வேண்டும். இரண்டில் ஒன்றைச் செய்துவிட்டு மற்றதை மறப்பதுதான் வழக்கம். ஜாங்கோவில் பக்கம் வந்து 400 என்ற பிழை காட்டினால் அலவ்டு ஹோஸ்ட்ஸ் பட்டியலில் உங்கள் ஐபியைச் சேருங்கள்.

“கரண்ட் போச்சு, எல்லாம் போச்சு”

ஐப்பசி கார்த்திகை மழையில் நம் பக்கம் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. வைஃபை அணைந்ததும் கறுப்புத் திரை உறைந்துவிடும். திரும்ப வந்து பார்த்தால் பாதியில் நின்ற நிறுவல், இறந்துபோன பக்கம். மும்பையில் சர்வருக்கு ஒன்றும் ஆகவில்லை. உங்கள் உள்நுழைவு அறுந்தபோது அதிலிருந்து தொடங்கிய நிரல்களும் அதோடு போயின.

உள்ளே நுழைந்தவுடன் டிமக்ஸ் என்று ஒன்றைத் தொடங்கி அதற்குள் வேலை செய்யுங்கள். தொடர்பு அறுந்தாலும் உள்ளே ஓடிக்கொண்டிருப்பது ஓடும், திரும்ப வந்து டிமக்ஸ் அட்டாச் கொடுத்தால் விட்ட இடத்தில் நிற்கும். பக்கம் எப்போதும் ஓட வேண்டும் என்றால் லினக்ஸே தொடங்கி நடத்தும் சிஸ்டம்டி சர்வீஸாக எழுதி வையுங்கள். ஏழெட்டு வரிக் கோப்புதான். சர்வர் ரீபூட் ஆனாலும் தானே எழுந்துகொள்ளும்.

“கில்டு”

ஒரே ஒரு சொல்தான் வரும், காரணம் எதுவும் இருக்காது. நினைவகம் தீர்ந்து லினக்ஸே நிரலைக் கொன்றுவிட்டது. தொடக்க நிலைக்குத் தரும் மைக்ரோ சர்வர்களில் 1 ஜிபி நினைவகம்தான். அதில் மையெஸ்கியூஎல் தரவுத்தளத்தை ஓடவிட்டு, கூடவே நிரல் தொகுப்புகளை இறக்கும் என்பிஎம் இன்ஸ்டால் கொடுத்தால் தாங்காது. வட்டில் ஒரு பகுதியை நினைவகம்போல் பயன்படுத்தும் ஸ்வாப் கோப்பு ஒன்றை 2 ஜிபி அளவில் உருவாக்குங்கள், வேகம் குறையும் என்றாலும் நிறுவல் முடியும். “நோ ஸ்பேஸ் லெஃப்ட்” என்று வந்தால் வட்டு நிறைந்துவிட்டது. லினக்ஸ் சர்வருக்கு முதலில் கிடைக்கும் 8 ஜிபியில், நிரலைத் தேவையானவற்றோடு பொதிந்து தரும் டாக்கர் படிமங்கள் இரண்டு மூன்று இறங்கினாலே இடம் போய்விடும்.

“படத்தைப் போட்டேன், ஆக்சஸ் டினைடுன்னு வருது”

ஏடபிள்யூஎஸ்ஸில் கோப்புகளைச் சேமித்து வைக்கும் எஸ்3 பக்கெட்டுகளில் 2023 ஏப்ரல் முதல் புதியவை எல்லாம் பொதுப் பார்வைக்கு மூடியே பிறக்கின்றன. அது சரியான ஏற்பாடு. இன்னொன்றும் கவனியுங்கள்: கோப்பின் பெயரில் ஓர் எழுத்து பிசகி, அப்படி ஒரு கோப்பே இல்லாவிட்டாலும், பட்டியலிடும் அனுமதி இல்லாதவர்களுக்கு ஆக்சஸ் டினைடு என்றுதான் காட்டும். அனுமதியை மாற்றும் முன் பெயரைச் சரிபாருங்கள், பெரிய எழுத்து சிறிய எழுத்து உட்பட.

“ஸ்டாப் பண்ணிட்டேன், ஆனாலும் பணம் போகுது”

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பிள்ளையின் வீட்டில் கார்டிலிருந்து நாலாயிரத்துச் சொச்சம் போனது. குறுவைக்கு உரம் வாங்க வைத்திருந்த பணம். அந்தப் பெண் மாடிக்கு வந்து பேச முடியாமல் உட்கார்ந்திருந்தார். சர்வரை நிறுத்திவிட்டேன் அண்ணே, நிறுத்திவிட்டேன் என்று அதையே சொன்னார். உண்மைதான், நிறுத்தியிருந்தார். நிறுத்தாதது வேறொன்று. அன்றிலிருந்து சர்வர் எழுப்பக் கற்றுக்கொடுப்பதற்கு முன் அழிக்கக் கற்றுக்கொடுக்கிறேன்.

ஸ்டாப் என்பது சர்வரின் ஓட்டத்தை மட்டும் நிறுத்தும். அதன் வட்டு அப்படியே இருக்கிறது, அதற்கு வாடகை ஓடும். எலாஸ்டிக் ஐபிக்கு ஓடும். வட்டின் நகல்களான ஸ்னாப்ஷாட்டுகளுக்கு ஓடும். பாடத்தைப் பார்த்து எப்போதோ உருவாக்கிய நாட் கேட்வே (உள்வலைச் சர்வர்களை இணையத்துக்கு வெளியே விடுவது), லோட் பேலன்சர் (வருகையைப் பல சர்வர்களுக்குப் பிரிப்பது) இரண்டுக்கும் சர்வரே இல்லாவிட்டாலும் மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் ஓடும். நாட் கேட்வே பிள்ளைகளின் பில்லில் நான் அதிகம் பார்த்த பெயர். இன்னும் ஒன்று, பலருக்குத் தெரியாதது: ஆர்டிஎஸ் தரவுத்தளத்தை ஸ்டாப் செய்தால் 7 நாள்தான் நிற்கும், எட்டாம் நாள் தானாக எழுந்துகொள்ளும். தேர்வுக்குப் படிக்கப் போய்விட்டு ஒரு மாதம் கழித்துத் திறந்தால் மூன்று வாரத்துக்கான கணக்கு காத்திருக்கும்.

பில்லிங் பக்கத்தைத் திறந்து, மொத்தத் தொகையோடு நிற்காமல், சேவை வாரியாக விரித்துப் பாருங்கள். ஒவ்வொரு சேவையின் கீழும் ரீஜன் பெயர் இருக்கும். மும்பையில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஓஹாயோவில் முதல் நாள் எழுப்பியதை மறந்திருப்பீர்கள். பெயர் வந்த ரீஜனுக்குப் போய் அதை டெர்மினேட் செய்யுங்கள், வட்டையும் ஐபியையும் தனியே பார்த்து விடுவியுங்கள்.

இலவசம் என்ற சொல்லுக்கு ஒவ்வொரு தளத்திலும் ஒரு பொருள். ஏடபிள்யூஎஸ்ஸில் 2025 ஜூலை 15 முதல் தொடங்கிய கணக்குகளுக்கு முதலில் 100 டாலர் இலவச கிரெடிட், சில வேலைகளைச் செய்து முடித்தால் இன்னும் 100 வரை. ஃப்ரீ பிளான் என்று தேர்ந்தெடுத்தால் 6 மாதம் அல்லது கிரெடிட் தீரும்வரை, எது முன்னதோ அதோடு முடியும், நீங்களாகக் கட்டணத் திட்டத்துக்கு மாறாதவரை கார்டில் எடுக்க மாட்டார்கள். தொடக்கநிலைப் பிள்ளைகள் இதையே தேர்ந்தெடுங்கள். கூகுள் கிளவுடில் 90 நாளுக்கு 300 டாலர், அசூரில் 30 நாளுக்கு 200 டாலர். கூகுளின் எப்போதும் இலவசமான இ2-மைக்ரோ சர்வர் அமெரிக்காவின் மூன்று ரீஜன்களில் மட்டும்தான் இலவசம். பக்கத்தில் இருக்கட்டும் என்று மும்பையில் எழுப்பினால் கட்டணம் உண்டு.

கணக்கு திறந்த அன்றே பட்ஜெட் எச்சரிக்கை ஒன்று வையுங்கள், ஒரு டாலருக்கே வையுங்கள். மின்னஞ்சலை நீங்கள் தினமும் பார்க்கும் முகவரிக்கு அனுப்பச் செய்யுங்கள். அந்த எச்சரிக்கை மணி அடிக்கும், மதகை மூடாது. அதுவும் சில மணி நேரம் தாமதமாகத்தான் அடிக்கும், ஏனெனில் கட்டணக் கணக்கு உடனுக்குடன் ஏறுவதில்லை.

பில் திடீரென்று நூற்றுக்கணக்கான டாலராக நின்றால், நீங்கள் கேள்விப்படாத ரீஜன்களில் பெரிய பெரிய சர்வர்கள் ஓடிக்கொண்டிருந்தால், நிரல்கள் உங்கள் கணக்குக்குள் நுழையப் பயன்படும் ஆக்சஸ் கீ வெளியே போய்விட்டது. பெரும்பாலும் நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் நிரலோடு சேர்த்து ஏற்றியிருப்பீர்கள். கோப்பை அழித்து மறுபடி ஏற்றினால் போதாது, பழைய பதிவில் அது இருந்துகொண்டே இருக்கும். முதலில் அந்த கீயைச் செயலிழக்கச் செய்யுங்கள். அப்புறம் கடவுச்சொல்லை மாற்றி முதன்மையான ரூட் கணக்குக்கு எம்எஃப்ஏ, அதாவது இரண்டாம் சரிபார்ப்பு, போடுங்கள். அதன்பின் ஒவ்வொரு ரீஜனாகப் போய் ஓடுவதை எல்லாம் அழியுங்கள், ஐஏஎம்மில் நீங்கள் உருவாக்காத பயனர் யாராவது இருக்கிறாரா என்று பாருங்கள். முடித்ததும் அதே நாளில் தளத்தின் உதவிப் பிரிவுக்கு நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். தமிழில் யோசித்து எளிய ஆங்கிலத்தில் எழுதினால் போதும்: எந்தத் தேதியில் கவனித்தீர்கள், என்னென்ன அழித்தீர்கள், மாணவர் என்பது, தொகையைத் தள்ளுபடி செய்யக் கேட்பது. முன்பு சொன்ன, கார்டில் நாலாயிரம் போன அந்தப் பெண்ணுக்கும் அப்படி எழுதிக் கேட்டதில் பெரும்பகுதி திரும்ப வந்தது. கடிதத்தை மாடியில் உட்கார்ந்து சேர்ந்துதான் எழுதினோம், அவருடைய அப்பாவும் பக்கத்தில் இருந்தார்.

அழித்து முடித்த மறுநாள் காலையில் பில்லிங் பக்கத்தை இன்னொரு முறை திறந்து, நேற்றைய தேதிக்கு நேராக என்ன ஏறியிருக்கிறது என்று பாருங்கள். ஏதாவது இருந்தால் சேவையின் பெயரையும் ரீஜனையும் குறித்துக்கொண்டு மறுபடி அங்கே போங்கள்.